தொட்டிக்குப் பின்னால் மயில்கண்

பட்டுக்கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். "எந்தப் பக்கம்மா? முகூர்த்தப் புடவையா, சாதாவா?" நான் இரண்டும் இல்லை. நான் மீன்தொட்டி. அதைச் சொன்னதும் எதிராளி முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்! இப்போதெல்லாம் அந்தச் சிரிப்புக்காகவே கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

அந்தக் கடைக்குள் நான் முதல்முதலாகப் போனது புடவை எடுக்கத்தான். அத்தை பெண்ணுக்குக் கல்யாணம். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில் கடை. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் எங்கள் வீட்டு ஜனம் மொத்தமும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அரக்கா மெரூனா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அத்தை ஏதோ ஒரு நிறத்தைக் கேட்டார். "வருதுங்க" என்றார் விற்பனைக்கார அண்ணன். அது அன்றைக்கு வரவே இல்லை.

எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் அரிக்கும். எழுந்து சுற்றியபோதுதான் தொட்டியைப் பார்த்தேன். மெத்தைக்கும், வாசல் பக்கம் ஆட்கள் காத்திருக்கிற பெஞ்சுக்கும் நடுவில், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்தடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தண்ணீர் வழியாக அந்தப் பக்கம் விரிகிற புடவை தெரியும்படி யாரோ ரசனையாகக் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் செடி இல்லை, நிஜச் செடி. ஆனால் பாதிச் செடி அழுகிக்கொண்டிருந்தது. என் கை தானாக உள்ளே போய்விட்டது. முழங்கை வரைக்கும் விட்டு, கருத்துப்போன இலைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா பண்றே?"

கடை முதலாளி. கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்க, கையில் காபி டம்ளரோடு.

"சார், இதுங்க செத்துக்கினு இருக்குதுங்க."

"மீனா?"

"செடி சார். அடுத்தது மீனு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொட்டியை வைத்துக் கொடுத்த சென்னை ஆள் வருவதை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டதாம். "உனுக்குத் தெரியுமா இதெல்லாம்?" என்றார். வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று, பி.எஸ்ஸி. விலங்கியல், போனில் இரவு பகலாகப் பார்த்த வீடியோக்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். "செரி, நீயே பாரு" என்றார். அத்தை பெண்ணுக்குப் புடவை முடிவாவதற்கு முன்னால் எனக்கு வேலை முடிவாகிவிட்டது.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், கடை திறப்பதற்கு முன்னால் போய்விடுவேன். முதலில் கத்தரி. உயரமாக வளர்ந்ததை வெட்டி, வெட்டிய நுனியையே மறுபடி மண்ணில் நடுவேன். அப்புறம் கண்ணாடி. காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் சுரண்டினால் பாசி நாடா நாடாவாக உரிந்து வரும். அப்புறம் குழாயை விட்டு அடிமண்ணில் படிந்த கசடை உறிஞ்சி, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுப்பேன். கடைசியில் ஃபில்டர். அதுதான் நான் பெருமைப்பட்டுக்கொள்கிற இடம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. குளோரின் பட்டால் பஞ்சுக்குள் குடியிருக்கிற நல்ல பாக்டீரியா மொத்தமும் போய்விடும். மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதே அதுதான். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே வாளியில் அமுக்கி அமுக்கிப் பிழிய வேண்டும். பளிச்சென்று ஆகக்கூடாது, அழுக்கு போனால் போதும். கடையைப் பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு இது தாங்கவே தாங்காது. "அழுக்குத் தண்ணில அழுக்கைக் கழுவுது பாரு படிச்ச பொண்ணு" என்பார்.

புதுத் தண்ணீர் அப்பா உபயம். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு மஞ்சளாகும், எதில் சோப்பு நுரைக்காது என்று நாக்கில் வைத்தே சொல்வார். கேன் கேனாகப் பிடித்து வந்து இறக்கிவிட்டு, "ஊருக்கெல்லாம் நான் தண்ணி ஊத்துறேன். என் பொண்ணு மீனுக்கு ஊத்துறா. முன்னேறிட்டோம்பா" என்பார். அரசுத் தேர்வுக்குப் படிக்கச் சொன்னவர். அந்தக் கிண்டலுக்குள் அதுவும் இருக்கும்.

இரண்டே மாதத்தில் தொட்டி எழுந்து நின்றது. நடுவில் வளைந்த மரக்கட்டை, அதன் மேல் அனுபியாஸ். தடித்த இலைச் செடி அது. அதன் வேரை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கட்டையில்தான் கட்டி வைக்க வேண்டும். எல்லோரும் தையல் நூலால் கட்டுவார்கள். நான் பட்டு நூலால் கட்டினேன்! பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தறியில் பழைய பாவோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை செய்பவர். அவரிடம் கேட்டு, சாயம் ஏறாத பட்டு நூலில் ஒரு கொத்து வாங்கி வந்து கட்டினேன். காஞ்சிபுரத்துத் தொட்டி என்றால் சும்மாவா?

வைகாசியில் கல்யாணக் கூட்டம் தொடங்கியது. தொட்டியும் கலங்கத் தொடங்கியது.

கொஞ்சம் பால் ஊற்றின மாதிரி. செவ்வாய்க்கிழமை சுத்தம் செய்தால் வெள்ளி வரை சரியாக இருக்கும். சனி, ஞாயிறு கூட்டம் முடிந்து மறுபடி செவ்வாயன்று வந்தால் மோர். கண்ணாடியில் பச்சைப் பாசி, மேல்மட்டத்தில் ஒரு படலம், சின்னச் சிவப்பு இறால்கள் ஃபில்டர் வாயருகே கும்பலாக ஒட்டிக்கொண்டு நின்றன.

முதலாளி தண்ணீரைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் பட்டுக்காரர். மெத்தையிலிருந்து ஒரு புடவையை எடுத்து, தொட்டிக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் நின்னு சொல்லு. கரையில இன்னா போட்டுருக்குது?" என்றார்.

பார்த்தேன். ஏதோ ஜரிகை மின்னியது. "கோடு சார்?"

"மயில்கண்ணுமா! மயில்கண்ணு கோடாட்டம் தெரியிது உன் தொட்டியில."

மயில்கண் என்றால் புள்ளிக்குள் புள்ளி வைத்த வட்டங்கள், கரை நெடுக வரிசையாக. எங்கள் தெருவில் குழந்தைகூடச் சொல்லும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே ஃபில்டரைத் திறந்தேன். பஞ்சு முழுக்க வெள்ளையாக, வழவழவென்று கஞ்சி மாதிரி. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே பார்த்த உடனே புரிந்துவிடும், அதுதான் என் வியாதி. பட்டு! சாயம் ஏறாத பட்டில் பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அதை எடுப்பார்கள். நான் கட்டிய நூலிலிருந்து பசை கரைந்து ஃபில்டரில் சேருகிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன்.

"நீங்க குடுத்த நூலு வேகவச்சதா, பச்சையா?"

"பச்சைதான். எதுக்குக் கேக்குற?"

"தண்ணிக்குள்ள கட்டிட்டேன்."

அக்கா விரல்களில் இருந்த இழையை விடாமலே சிரித்தார். "பட்டைக் கொண்டுபோய் மீனுக்குக் கட்டியிருக்குது. அதுங்களுக்கு இன்னா, நிச்சயதார்த்தமா?"

வேகவைத்த நூலாகக் கொடுத்தார். அத்தனை அனுபியாஸையும் அவிழ்த்து, வேரை அலசி, மறுபடி கட்டினேன். கைவிரல் எல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரைப் பிழிந்து வைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நான் முதலாளியிடம் போய், அவர் கேட்காமலே, பட்டுப் பசையைப் பற்றி விளக்கமாகச் சொல்லி, "இனிமே கலங்கவே கலங்காது சார்" என்றேன். அந்த 'கலங்கவே'யை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

செவ்வாய்க்கிழமை மோர்.

இந்த முறை அவர் புடவையைக்கூட எடுக்கவில்லை. "வர்ற வளர்பிறை முகூர்த்தத்துக்கு நமக்குப் பெரிய பார்ட்டி ஒண்ணு வருது. மூணு வாரம் இருக்குது. அதுக்குள்ள தெளிஞ்சா பார்ப்போம். தெளியலைன்னா இதை எடுத்துட்டு இங்க ரெண்டு பொம்மைக்குப் புடவை கட்டி நிக்க வைக்கப்போறேன். பொம்மை கலங்காது பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்கெழுதுகிற மேசையைத் தள்ளிப்போடச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெளியில் கிடைத்த முதல் தொட்டி. மரக்கட்டையில் வேர் இறங்கி, ஒவ்வொரு கணுவிலும் புது இலை விட்டு நிற்கிற தொட்டி. அது போனால், மீன்தொட்டி பார்க்கிறவள் என்று இந்த ஊரில் நான் எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான், ஒரே இடத்தில்! தொட்டிக்கு எதிரே கண் எடுக்காமல் உட்கார்ந்தேன். போனைக்கூடப் பைக்குள் போட்டுவிட்டேன்.

பதினோரு மணிவாக்கில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. எல்லோர் நெற்றியிலும் குங்குமம் ஈரமாக இருந்தது. நேராகக் கோயிலிலிருந்து வருகிறார்கள். பெரியவர்கள் மெத்தைக்குப் போக, கல்யாணப் பெண் தொட்டிப் பக்கம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். "ஐயோ, எவ்ளோ அழகு" என்றாள். எனக்குள் குளிர்ந்தது. அடுத்து அவள் கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த பொரிப் பொட்டலத்தை எடுத்து, ஒரு கை நிறைய அள்ளி, தொட்டிக்குள் தூவினாள்.

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

கோயிலுக்குப் போனால் குளத்து மீனுக்குப் பொரி போடுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. நானும் சின்ன வயதிலிருந்து போட்டிருக்கிறேன். மிச்சப் பொரி மடியில், பையில், கையில் இருக்கும். அப்படியே புடவை எடுக்க வருகிறார்கள், வந்தால் இங்கேயும் மீன். போடாமல் இருப்பார்களா? விரல்நுனி அளவே இருக்கிற டெட்ரா மீனும் இறாலும் பொரியை என்ன செய்யும்! அது மிதந்து மிதந்து ஊறி, ஃபில்டருக்குள் போய்க் கஞ்சியாகி அழுகும். பட்டு பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அம்மா மெத்தையிலிருந்து குரல் கொடுத்தார்: "போடுமா, நல்லாப் போடு. கல்யாணம் ஆகப்போற பொண்ணு கையால போட்டா நல்லது." பெண் இன்னொரு கை அள்ளினாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி நிறுத்தச் சொல்வது?

அவர்கள் போனதும் பெருக்குகிற அக்கா வந்து, தொட்டி வைத்த மேடையில் சிந்தியிருந்த பொரியையும் துடைப்பத்தால் கூட்டிக் கையில் அள்ளி உள்ளே போட்டார்.

"அக்கா!"

"இன்னா? தரையில கெடந்தா எறும்பு வரும். மீனாச்சும் துன்னட்டும்."

"எத்தனை நாளா போடுறீங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து. அப்போ கூட்டம் கம்மி."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். முதலில் என் தப்பைத்தான் சொன்னேன், பசை இல்லை பொரி என்று. அப்புறம், "மீனுக்கு எதுவும் போடாதீர்கள்னு ஒரு போர்டு வச்சிடலாம் சார்" என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, இந்தக் கடையில யாராவது 'இல்லை'ன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

யோசித்தேன். கேட்டதில்லை. நிறம் இருப்பில் இல்லாவிட்டால் "வருதுங்க". ராத்திரி சாமி விளக்கைக்கூட "அணை" என்று சொல்ல மாட்டார்கள், "குளிர வை" என்பார்கள்.

"தாலிக்குப் புடவை எடுக்க வர்றவங்க, வாசல்ல கால் வைக்கிறப்போ முதல் எழுத்தா 'போடாதே'ன்னு படிக்கணுமா? அதுக்குப் பொம்மையே தேவலை."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அந்தப் படிக்குப் பக்கத்தில் செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'போடாதே' என்று சொல்லக்கூடாது. சரி. அப்படியானால் 'போடு' என்று சொன்னால்?

சாயங்காலம் அப்பாவிடம், "லாரியில ஒரு சிமெண்ட் உறை ஏத்தினு வர முடியுமா?" என்றேன். கிணற்றுக்கு இறக்குவார்களே, அந்த வட்ட உறை, அடி பூசியது.

"பட்டுக்கடையில கெணறு வெட்டுறியா?"

"குளம் வெட்டுறேன்."

அப்பா சிரிக்கவில்லை. எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே முதலாளியிடம் போய், வாசலோரத்தில் இடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "செருப்பை அந்தாண்ட தள்ளிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

புது சிமெண்டில் நேராக மீனை விட்டால் அது கக்குகிற சுண்ணாம்பே மீனைக் கொன்றுவிடும். தண்ணீர் ஊற்றி, இறைத்து, மறுபடி ஊற்ற வேண்டும். வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்தால் சீக்கிரம் ஆறும். வாழைக்கு இந்த மாசத்தில் பஞ்சமா? கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிய மரங்களை மறுநாள் குப்பையில்தானே போடுகிறார்கள்! அப்பா இரண்டு மண்டபத்தில் சொல்லி வைத்தார். அவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் தினமும் போனேன். ஊறிய தண்டின் நாற்றம் வாசலில் அடிக்க, விற்பனைக்கார அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தொட்டிக்காரம்மா, கஸ்டமர் வருவாங்களா ஓடுவாங்களா?" என்றார். "வருதுங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பத்தாம் நாள் நல்ல தண்ணீர் நிரப்பி, பெரிய தொட்டியின் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்த அழுக்கை அப்படியே உறைக்குள் ஊற்றினேன். பெருக்குகிற அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய ஊரிலிருந்து புது ஊருக்குக் குடி அனுப்புகிறேன் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. பிறகு ஆறு கெண்டைகள், சிவப்பும் வெள்ளையுமாக. பொரி என்றால் வாயைப் பிளந்துகொண்டு வருகிற ஜாதி. மேலே பலகையில் என் கையாலேயே பெரிதாக எழுதினேன்: "மீனுக்குப் பொரி இங்கே போடுங்கள்." முதலாளி வந்து படித்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கோலம் போடச் சொன்னார்.

முகூர்த்தப் பார்ட்டி வந்தது. ஒரு வேன், இரண்டு கார். நான் பெஞ்சின் ஓரத்தில், கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு, அழைக்காத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் பொரி உறையில் விழுந்ததும் ஆறு வாயும் தண்ணீர்மட்டத்துக்கு வந்து சளப்சளப்பென்று அடித்தன. பிறகு கேட்க வேண்டுமா! வந்தவர்கள் படியிலேயே நின்று, சிரித்து, பொட்டலத்தைத் தலைகீழாகக் கொட்டினார்கள். ஒரு பெரியம்மா எல்லோர் கையிலும் பொரி பங்கு வைத்தார். உள்ளே வந்தபோது ஒருத்தர் கையிலும் ஒரு பொரி இல்லை.

தொட்டிக்குப் பின்னால் முதலாளி வந்து நிற்பதைத் தண்ணீர் வழியாகப் பார்த்தேன். ஒரு புடவையைத் தூக்கிப் பிடித்தார். ஐந்தடி நீளத்துக்கும் செடி, அதற்கு நடுவில் டெட்ராக் கூட்டம் ஒரு பக்கமாகத் திரும்பியது, அது விலகின இடத்தில் ஜரிகை.

"மயில்கண்ணு சார்!" என்றேன். "ரெண்டு வரிசை. நடுவுல ஒரு ருத்ராட்ச வரிசை."

அவர் புடவையைத் திருப்பித் தானே கரையைப் பார்த்துக்கொண்டார். நான் சொன்னது சரிதானா என்று பார்த்தாரோ என்னவோ.

அப்போதுதான் அந்தப் பெரியம்மா பெஞ்சுப் பக்கம் வந்தார். தொட்டிக்குக் கிட்டே குனிந்து, அனுபியாஸின் நுனியில் அன்று காலை விரிந்திருந்த புது இலையைக் கண்ணாடி மேல் விரலை வைத்துக் காட்டினார். "கிளிப்பச்சையும் இல்லை, இலைப்பச்சையும் இல்லை. இதுதான், இந்தப் பச்சைதான் நான் காலையிலேர்ந்து கடை கடையாக் கேட்டுக்கினு இருக்கறது. இதுல பட்டு இருக்குதா?"

"வருதுங்க" என்றார் விற்பனைக்கார அண்ணன், பழக்கத்தில்.

முதலாளி மெத்தையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்த எலையைக் கொஞ்சம் வெட்டிக் குடு. சாயம் போடறவனுக்கு சாம்பிள் அனுப்பணும்."

கையை முழங்கை வரைக்கும் விட்டு, காம்போடு வெட்டி எடுத்தேன். ஈரப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். பட்டில் கட்டிய செடியின் இலை, பட்டுக்குச் சாயம் சொல்லப் போகிறது!

"ஒரே எலையில நெறம் சரியா வராது, வதங்கிடும்" என்றார் முதலாளி. "திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். புடவை தறியிலேர்ந்து இறங்குற வரைக்கும் இந்தச் செடி இதே பச்சையில இருக்கணும். பார்த்துக்கோ."

"தறியில எத்தினி நாள் சார் ஆகும்?"

"இந்தப் புடவையா? அது முடிஞ்சா அடுத்த புடவை" என்று சொல்லிவிட்டு மெத்தைப் பக்கம் போனார். போகிற வழியில், தொட்டிக்குப் பதிலாக வைக்கவென்று கொண்டுவந்து, புடவை கட்டாமல் சுவரோரம் நிறுத்தியிருந்த இரண்டு பொம்மைகளையும் குடோனுக்குத் தூக்கிப்போகச் சொன்னார்.